பிரேக் சத்தமும் பதினோராயிரத்து முன்னூறு ரூபாயும்

பிரேக் மிதிச்சா கார் கீச்சுன்னு கத்துதா? பதறாதீங்க. உடனே சர்வீஸ் சென்டருக்கும் ஓடாதீங்க. ரெண்டு நாள் அந்தச் சத்தத்தை ஒழுங்காக் கேளுங்க. எப்ப வருது, எந்தப் பக்கம் வருது, எப்பல்லாம் வரலை. இதையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி எடுத்துக்கிட்டு அப்புறமா போங்க. (கரகரன்னு இரும்பும் இரும்பும் உரசுற சத்தம்னா மட்டும் இது பொருந்தாது. அதுக்குக் கீழே வர்றேன்.)

"பி.காம். மூணாவது வருஷம் படிக்கிறவளுக்கு பிரேக்கைப் பத்தி என்ன தெரியும்? உனக்கு டெபிட்டும் கிரெடிட்டும் தானே தெரியும்?"னு கிளாஸ்ல நாலு பேராவது கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா சர்வீஸ் சென்டர்ல நடக்குறது பாதி மெக்கானிக் வேலை, மீதி பாதி காமர்ஸ். ரெண்டாவது பாதி நம்ம ஏரியா. முதல் பாதியை எனக்குக் கத்துக்கொடுத்தது எங்க வீட்டுக் கார். எட்டு வருஷப் பழசு, சின்ன ஹேட்ச்பேக். ஜெராக்ஸ் கடை வருமானத்துல அப்பா மாசாமாசம் தவணை கட்டி முடிச்ச வண்டி. போன ஏப்ரல்ல அது கத்த ஆரம்பிச்சுது. அந்தக் கதையை நடுவுல சொல்றேன். முதல்ல கொஞ்சம் பாடம்.

பிரேக் எப்படி வேலை செய்யுது?

நம்ம ஊர் சின்னக் கார்கள்ல பெரும்பாலும் முன் சக்கரம் ரெண்டுக்கும் டிஸ்க் பிரேக், பின் சக்கரம் ரெண்டுக்கும் டிரம் பிரேக். டிஸ்க்குங்கறது சக்கரத்தோட சேர்ந்து சுத்துற வார்ப்பிரும்புத் தட்டு. அதுக்கு உள் பக்கம் ஒண்ணு, வெளிப் பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு பிரேக் பேட். பெடலை மிதிச்சா பிரேக் ஆயிலோட அழுத்தத்துல காலிப்பர்ங்கற கிடுக்கி அந்த ரெண்டு பேடையும் தட்டு மேல அழுத்தும். காலிப்பர் ரெண்டு பின்கள் மேல வழுக்கி நகரணும். அந்தப் பின்னுக்கு கிரீஸ் ரொம்ப முக்கியம். ஞாபகம் வச்சுக்கோங்க, கதையில வரும்.

டிரம்ல உல்டா. சட்டி மாதிரி ஒண்ணு சுத்தும். உள்ள இருக்குற ரெண்டு ஷூவும் வெளிப்பக்கமா விரிஞ்சு சட்டியோட உள் சுவரை அழுத்தும். விரிக்கிற வேலையை வீல் சிலிண்டர்னு ஒரு சின்ன உருப்படி பண்ணுது. அதுவும் ஆயில் அழுத்தத்துலதான் வேலை செய்யும்.

சரி, ஏன் கத்துது? கரும்பலகையில சாக்பீஸை ஒரு கோணத்துல பிடிச்சு எழுதினா கீச்னு பல் கூசுற மாதிரி சத்தம் வரும் இல்லையா? அதே கதைதான். சாக்பீஸ் ஒட்டும், வழுக்கும், ஒட்டும், வழுக்கும். செகண்டுக்கு ஆயிரக்கணக்குல இப்படி நடந்தா அது நம்ம காதுல கீச்சாக் கேக்கும். பேடும் டிஸ்க்கும் அப்படித்தான் அதிருது. இந்தப் பிரச்சினை டிஸ்க் பிரேக் பிறந்தப்பவே கூடப் பிறந்தது. இங்கிலாந்துல ஃபிரெடெரிக் லாஞ்செஸ்டர் 1902-ல டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் பேடுக்குப் பதிலா செம்பு வச்சார். உலோகத்துல உலோகம் உரசினா என்ன ஆகும்? காது கிழிஞ்சிருக்கும். ஆக, பிரேக் கத்துறதுங்கறது நூறு வருஷத்துக்கு மேல பழைய தொல்லை. எல்லாக் கத்தலும் ஆபத்து இல்லை. எந்தக் கத்தல் ஆபத்துன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியணும், அவ்வளவுதான்.

சத்தம் எட்டு வகை

1. காலையில வண்டி எடுத்ததும் முதல் நாலஞ்சு தடவை மட்டும் உரசல், அப்புறம் காணோம். மழையில நனைஞ்சாலோ, ராத்திரி வண்டி கழுவி நிறுத்தினாலோ டிஸ்க் மேல லேசாத் துரு படியும். பேட் அதைத் தேய்ச்சு எடுத்துடும். செலவு: பூஜ்யம்.

2. மெதுவாப் போறப்ப லேசா மிதிச்சா கீச், அழுத்தி மிதிச்சா நின்னுடும். பேட் மேல்பரப்பு மெருகேறிப் பளபளன்னு ஆகியிருக்கும், இல்லைன்னா பேடுக்குப் பின்னாடி இருக்குற தகடும் கிரீஸும் போயிருக்கும். பெரும்பாலும் கழட்டி, உப்புத்தாள் போட்டு, அதுக்குன்னு இருக்குற கிரீஸ் தடவினாலே போதும்.

3. மிதிக்காம ஓட்டுறப்பவே மெல்லிசா ஒரு கிறீச், மிதிச்சா அது மாறுது இல்லைன்னா நிக்குது. இது வேணும்னே வச்ச சத்தம். பேட்ல ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கும். பேட் தேய்ஞ்சு ரெண்டு மூணு மில்லிமீட்டருக்கு வந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டு "என்னை மாத்து"ன்னு கத்தும். எல்லா பேட்லயும் இது இருக்காது. இருந்து கத்தினா மாத்திடுங்க.

4. கரகர, மிதிக்கிறப்ப காலுக்கு அதிர்வு. பேட் முழுசாத் தேய்ஞ்சு பின் தகடு நேரா டிஸ்க்கை அரைக்குது. இதுக்கு ரெண்டு நாள் கேக்குறதெல்லாம் கிடையாது. வண்டியை ஓரமா நிறுத்திட்டு மெக்கானிக்கை வரச் சொல்லுங்க. தள்ளிப் போட்டா டிஸ்க்கும் சேந்து போகும், பிரேக்கும் பிடிக்காது.

5. மண் ரோடு, ஜல்லி ரோடு போயிட்டு வந்ததுல இருந்து விடாம உரசல். டிஸ்க்குக்குப் பின்னாடி இருக்குற மெல்லிய தகரத்துக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல ஒரு பொடிக்கல் மாட்டியிருக்கும். சக்கரத்தைக் கழட்டினா அஞ்சு நிமிஷ வேலை.

6. வேகமாப் போறப்ப மிதிச்சா ஸ்டீயரிங் உதறுது, பெடல் துடிக்குது. "டிஸ்க் வளைஞ்சு போச்சு"ம்பாங்க. பெரும்பாலும் வளைஞ்சிருக்காது. தட்டோட கனம் இடத்துக்கு இடம் மாறிப் போயிருக்கும். அளந்து பாத்துத்தான் முடிவு பண்ணணும்.

7. ஊன்னு ரீங்காரம், வேகம் கூடக் கூட ஏறுது, திருப்பத்துல மாறுது. இது பிரேக்கே இல்லை. வீல் பேரிங். இதுக்கு பேட் மாத்திட்டு வந்தவங்க நிறைய பேர் உண்டு.

8. திடீர்னு அழுத்திப் பிடிச்சா காலுக்குக் கீழ கிர்ர்ர்னு தட்டுது. ஏபிஎஸ் வேலை செய்யுது. இந்தியாவுல 2019 ஏப்ரல்ல இருந்து விக்கிற கார் எல்லாத்துக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அந்தத் தட்டலுக்குப் பயந்து காலை எடுத்துடாதீங்க. மிதிச்சபடியே இருக்கணும்.

சத்தமே போடாத வில்லன்

மேல சொன்ன எட்டும் நம்மகிட்ட வந்து சொல்லிட்டு நடக்குற வியாதி. சொல்லாம நடக்குற வியாதி ஒண்ணு இருக்கு. அதுதான் ஆயில் சம்பந்தப்பட்டது.

பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதுசா இருக்கறப்ப குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்கக் கூடாதுன்னு தரநிலை சொல்லுது. ஈரம் ஏறின பிறகு அந்த வரம்பு 155. மலையில இறங்குறப்ப விடாம பிரேக் மிதிச்சுக்கிட்டே வந்தா சூடு ஏறி, ஆயில்ல ஆவிக் குமிழி வந்துடும். ஆயிலை அழுத்தினா அழுத்தம் சக்கரத்துக்குப் போகும். ஆவியை அழுத்தினா அதுவே சுருங்கிக்கும். பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும், வண்டி நிக்காது. அதுக்குத்தான் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்தச் சொல்றாங்க. மலையில ஏறின கியர்லயே இறங்குன்னு பெரியவங்க சொல்றதும் இதனாலதான்.

இன்னொண்ணு, கசிவு. இதுவும் ஆரம்பத்துல சத்தம் போடாது.

இப்ப கதை

மே மாசம் அப்பத்தாவைக் கூட்டிக்கிட்டு கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போறதா வீட்டுல பேச்சு. காரவள்ளி அடிவாரத்துல இருந்து மேல ஏற 70 கொண்டை ஊசி வளைவு. அந்த நேரம் பாத்துத்தான் முன் வலது சக்கரத்துல கீச். மேல சொன்ன பட்டியல்ல ரெண்டாம் நம்பர். மெதுவாப் போனா வரும், அழுத்தினா நிக்கும். நான் சீட்டு எழுதி வச்சுட்டேன்.

திருச்சியில நாங்க எப்பவும் விடுற கம்பெனி சர்வீஸ் சென்டர். ஏசி அறை, காபி மெஷின், கண்ணாடிச் சுவர். டை கட்டின சர்வீஸ் அட்வைசர் வண்டியை எடுத்துக்கிட்டு வளாகத்துக்குள்ளயே ஒரு சுத்து சுத்திட்டு வந்தார். மொத்தம் பத்து நிமிஷம். கம்ப்யூட்டர்ல தட்டி ஒரு எஸ்டிமேட் எடுத்துக் கொடுத்தார்.

முன் பேட் செட் 2,850. டிஸ்க் ரெண்டு 5,600. லேபர் 1,900. முன் பிரேக் கிளீனிங் பேக்கேஜ் 950. மொத்தம் 11,300 ரூபாய். எல்லாம் வரியோட.

"பேட், டிஸ்க் ரெண்டுமே தேஞ்சு போச்சு சார். கொல்லிமலை போறேங்கறீங்க, பெரியவங்க வேற வர்றாங்க. ரிஸ்க் எடுக்காதீங்க."

அப்பா பேனாவை எடுத்துட்டார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. அம்மாவை மலைக்குக் கூட்டிட்டுப் போற மகன்கிட்ட பிரேக்ல பேரம் பேசுன்னு யார் சொல்லுவாங்க? அந்த 11,300 எங்க கடையோட ஒரு மாச வாடகையை விட அதிகம். ஆனாலும் அவர் கையெழுத்துப் போட்டிருப்பார். பயம் நிஜமான பயம். அதனாலதான் அதை வச்சு விக்க முடியுது.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "சார், பேட் எத்தனை மில்லிமீட்டர் இருக்கு?"

அவர் என்னைப் பாக்காம அப்பாவைப் பாத்துச் சிரிச்சார். "பாப்பா என்ன சார் படிக்கிறாங்க? மெக்கானிக்கலா?"

"பி.காம்."னேன்.

"தேஞ்சு போச்சும்மா. சத்தம் வருதுல்ல?"

"வீல் கழட்டிப் பாத்தீங்களா சார்?"

கழட்டலை. பத்து நிமிஷத்துல எப்படிக் கழட்ட முடியும்? "வண்டி ஓடின கிலோமீட்டருக்கு எப்படியும் தேஞ்சிருக்கும்"னார். நான் குரலை உயர்த்தலை. "நாலு வீலையும் கழட்டி, பேட் கனம், டிஸ்க் கனம் அளந்து ஜாப் கார்டுல எழுதிக் கொடுங்க சார். குறைஞ்சிருந்தா இப்பவே மாத்திடலாம். அந்தச் செக்கிங் லேபர் எவ்வளவோ அதைத் தனியா கொடுத்துடறோம்"னேன். கடைசி வாக்கியம்தான் வேலை செஞ்சுது. ஓசியில வேலை வாங்கப் பாக்குறாங்கன்னு அவருக்குத் தோணாம போனதும் பேச்சோட தொனியே மாறிப் போச்சு. முன் வீல் போதும்னார். மலை ஏறப் போறோமே, பின்னாடியும் பாத்துடலாம்னு அப்பா சொன்னார்.

உள்ள கஸ்டமர் வரக்கூடாது, பாதுகாப்பு விதி. அதுவும் நியாயம்தான். மஞ்சக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னோம். டெக்னீஷியன் அண்ணனுக்கு ஐம்பது வயசு இருக்கும். ஒரு வார்த்தை பேசாம நாலு சக்கரத்தையும் கழட்டினார், வெர்னியரை எடுத்தார், அளந்து சொல்லச் சொல்ல நான் எழுதிக்கிட்டேன்.

முன் இடது: வெளி பேட் 6, உள் பேட் 6. முன் வலது: வெளி 7, உள் 4. டிஸ்க் கனம் 16.2. குறைஞ்சபட்சம் 15-ன்னு டிஸ்க்லயே பொறிச்சிருந்தது. புதுசுல 17. ஆக, டிஸ்க் இன்னும் பாதிக்கு மேல மிச்சம்.

"இங்க பாரும்மா"ன்னு வலது காலிப்பரைக் காட்டினார். ஒரு பின் கிரீஸ் காய்ஞ்சு இறுகிப் போயிருந்தது. காலிப்பர் ஒழுங்கா வழுக்காததால உள் பேட் மட்டும் அதிகமாத் தேயுது, சாய்ஞ்சு உரசுது, கத்துது. "பின் கிட் போட்டு கிரீஸ் வச்சா சரியாயிடும். பேட் இன்னும் ஓடும். அஞ்சாயிரம் கிலோமீட்டர் கழிச்சு ஒரு தடவை பாத்துக்கங்க."

அதோட முடிஞ்சிருந்தா இது வெறும் காசு மிச்சம் பண்ணின கதை. அவர் பின் இடது டிரம்மைக் கழட்டினதும் நின்னுட்டார். வீல் சிலிண்டரோட ரப்பர் மூடியை ஸ்க்ரூடிரைவரால லேசா விலக்கினார். உள்ள ஈரம். கீழ் ஷூ ஓரத்துல தூசி காய்ஞ்ச பொடியா இல்லாம கருப்புச் சேறு மாதிரி ஒட்டியிருந்தது.

"ஆயில் கசியுது சார்"னார் அப்பாகிட்ட. "இதுதான் மலையில மோசம்."

ஒரு சத்தமும் இல்லாம எத்தனை மாசமாக் கசிஞ்சுதோ. பானட்டுக்குள்ள இருக்குற ஆயில் டப்பாவுல அளவு இன்னும் கீழ்க் கோட்டுக்கு மேலதான் இருந்தது. நாங்க அந்த 11,300-ஐக் கட்டி, புது பேடும் புது டிஸ்க்கும் போட்டு, கீச் சத்தம் போனதுல நிம்மதியாகி, அப்பத்தாவை உக்கார வச்சு 70 வளைவு இறங்கியிருந்தா, இந்தக் கசிவும் எங்க கூடவே வந்திருக்கும். எஸ்டிமேட்ல பின் சக்கரத்தைப் பத்தி ஒரு வரி கிடையாது.

கடைசி பில்: பின் கிட் 420, வீல் சிலிண்டர் ரெண்டு 1,560, பின் ஷூ செட் 1,240 (ஆயில் பட்ட ஷூவைத் திரும்பப் போடக் கூடாது, ரெண்டு பக்கமும் சேத்துத்தான் மாத்தணும்), பிரேக் ஆயில் 380, லேபர் 1,600. மொத்தம் 5,200. செக்கிங் லேபர் அதுக்குள்ளயே அடக்கம். எதிர்க்கேள்வி கேக்காம அப்பா கட்டினார். நானும்தான் சந்தோஷமாச் சொன்னேன், கட்டுங்கன்னு.

அட்வைசர் வில்லனா?

இல்லை. எங்க காலேஜ் சீனியர் அண்ணா ஒருத்தர் ரெண்டு வருஷம் வேற ஊர்ல இதே வேலை பாத்தார். அவர் சொன்னது: மாசத்துக்கு இத்தனை வண்டி, ஒரு வண்டிக்கு சராசரி இவ்வளவு பில்னு இலக்கு இருக்கும். பேக்கேஜ் விக்கிறதுக்குத் தனி இலக்கு. சம்பளத்துல ஒரு பங்கு அதைப் பொறுத்தது. நம்ம முன்னாடி டை கட்டி உக்காந்திருக்கிறவர் வண்டியில கை வைக்கிறவர் இல்லை. கை வைக்கிறவர் நம்மகிட்ட பேசுறவர் இல்லை. நடுவுல இருக்குற கண்ணாடிச் சுவர்தான் பிரச்சினையே.

இதுக்குப் பொருளாதாரத்துல பேரே இருக்கு. 1973-ல மைக்கேல் டார்பி, எடி கார்னின்னு ரெண்டு பேர் ஒரு கட்டுரை எழுதினாங்க. சில சரக்கை வாங்குறதுக்கு முன்னாடியே பாத்துத் தெரிஞ்சுக்கலாம், தக்காளி மாதிரி. சிலதை வாங்கிப் பயன்படுத்தினா தெரியும், ஹோட்டல் சாப்பாடு மாதிரி. மூணாவது வகை இருக்கு. வாங்கி முடிச்ச பிறகும் அது நமக்குத் தேவையா இருந்துச்சான்னு தெரியாது. அதை நம்பிக்கைச் சரக்குன்னு சொல்லலாம். டாக்டர் சொல்ற ஆபரேஷன், மெக்கானிக் சொல்ற ரிப்பேர். வியாதி என்னன்னு சொல்றவரும் மருந்து விக்கிறவரும் ஒரே ஆளா இருக்கறதுதான் சிக்கல். புது டிஸ்க் போட்டதும் சத்தம் போச்சுன்னா, டிஸ்க்னாலதான் போச்சா, கழட்டி மாட்டினப்ப பின்னுக்குக் கிரீஸ் வச்சதுனால போச்சா? நமக்குத் தெரியவே தெரியாது.

இந்தத் தொந்தரவு நம்ம ஊருக்கு மட்டும் சொந்தம் இல்லை. நம்ம பிசினஸ் எத்திக்ஸ் பேப்பர்ல வர்ற மாதிரியான கேஸ் ஒண்ணு: அமெரிக்காவுல சியர்ஸ் கம்பெனியோட கார் சர்வீஸ் கடைகள். கலிஃபோர்னியா மாநில நுகர்வோர் துறை ஆட்கள் 1990 கடைசியில இருந்து சாதாரண வாடிக்கையாளர் மாதிரி 38 தடவை வண்டி விட்டாங்க. தேய்ஞ்ச பிரேக்கைத் தவிர வேற குறை இல்லாத வண்டிகள். 34 தடவை தேவையில்லாத வேலையையும் பில்லுல சேத்திருந்தாங்கன்னு 1992 ஜூன்ல அரசு குற்றம் சாட்டுச்சு. அந்தக் கம்பெனி கடைசியில என்ன பண்ணிச்சு தெரியுமா? அட்வைசர்களுக்குக் கொடுத்துக்கிட்டிருந்த கமிஷன் முறையையே எடுத்துடுச்சு. ஆளை மாத்துறதை விட ஊக்கத்தொகையை மாத்தினா போதும்னு புரிஞ்சிருக்கு.

நம்ம நாட்டுல 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தமா 2,500 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டுச்சு. உதிரி பாகத்தையும் ரிப்பேர் விவரங்களையும் வெளிச் சந்தையில கிடைக்க விடாம தங்களோட சர்வீஸ் சென்டர்களுக்குள்ளயே பூட்டி வச்சாங்கங்கறது காரணம். மேல்முறையீடு, கோர்ட்டுன்னு அந்த வழக்கு வருஷக்கணக்கா இழுத்துது. ஆனா அதுல இருந்து நாம தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு. கார் கம்பெனி தன்னோட பேடைத் தானே தயாரிக்கிறதில்லை. சென்னை பாடியில 1962-ல ஆரம்பிச்ச பிரேக்ஸ் இந்தியா மாதிரி பாகம் தயாரிக்கிற கம்பெனிகள்கிட்ட இருந்துதான் வாங்குது. அதே மாதிரி கம்பெனிகள் தங்கள் சொந்தப் பெட்டியிலயும் ஸ்பேர் கடையில விக்கிறாங்க. விலை விசாரிச்சுப் பாக்குறதுல தப்பே இல்லை. போலி மட்டும் மாட்டிக்காம பாத்துக்கணும், பில்லோட வாங்கணும்.

போனா என்ன கேக்கணும்?

சத்தத்தைச் சொல்லுங்க, வைத்தியத்தைச் சொல்லாதீங்க. "பேட் மாத்தணும்"னு நீங்களே சொன்னா அவங்க மாத்திடுவாங்க. "முன் வலது, 20 கிலோமீட்டர் வேகத்துல, லேசா மிதிச்சா கீச், அழுத்தினா நிக்குது"ன்னு சொல்லி, அதே வார்த்தையில ஜாப் கார்டுல எழுத வைங்க. முடிஞ்சா அட்வைசரைப் பக்கத்துல உக்கார வச்சு நீங்களே ஓட்டிக் காட்டுங்க. போன்ல ரெக்கார்ட் பண்ணின சத்தமும் உதவும்.

வீல் கழட்டாத எஸ்டிமேட்ல கையெழுத்துப் போடாதீங்க. "தேஞ்சு போச்சு"ங்கறது ஒரு அபிப்பிராயம். "உள் பேட் 4 மில்லிமீட்டர்"ங்கறது கணக்கு. நம்ம ஆடிட்டிங் சார் பாஷையில சொன்னா, வவுச்சர் இல்லாத செலவை ஒத்துக்காதே. புது பேட் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் அளவுல வரும். மூணுக்கு வந்தா மாத்துறது நல்லது. உங்க வண்டிக்கான எண் கையேட்டுல இருக்கும்.

நாலு எண் கேளுங்க, ஒண்ணு போதாது. உள், வெளி, இடது, வலது. ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல வித்தியாசம் இருந்தா பேட்ல கோளாறு இல்லை, காலிப்பர்ல கோளாறு. அதைச் சரி பண்ணாம பேட் மட்டும் மாத்தினா ஆறு மாசத்துல திரும்ப வருவீங்க.

மாத்தின பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்க. வேலைக்கு விடறப்பவே கேட்டுடணும், முடிஞ்ச பிறகு கேட்டா "குப்பைக்குப் போயிடுச்சு"ம்பாங்க. வாரண்டியில மாத்தினா மட்டும் அவங்க வச்சுக்குவாங்க.

கூடுதலா ஏதாவது பண்ணணும்னா போன் பண்ணிச் சொல்லிட்டுத்தான் பண்ணணும்னு எழுதி வாங்குங்க. வாட்ஸ்அப்ல போட்டோவும் எண்ணும் வந்தா இன்னும் நல்லது.

டெக்னீஷியன்கிட்ட மரியாதையாப் பேசுங்க. "அண்ணே, இது உங்க வண்டியா இருந்தா இப்ப மாத்துவீங்களா?"ன்னு கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் உண்மையான பதில் வரும்.

பில்லைப் படிங்க (காமர்ஸ் ஸ்டூடண்ட்ஸுக்கு இது ஹோம்வொர்க்). பாகம் தனியா, லேபர் தனியா இருக்கணும். 2025 செப்டம்பர் 22-ல இருந்து கார் உதிரி பாகத்துக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதவீதமாக் குறைஞ்சிருக்கு. பழைய விகிதத்துல பில் வந்தா கேளுங்க. பேசியும் தீரலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுக்கும் மேல மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும், கொடுத்த தொகை அஞ்சு லட்சம் வரைக்கும் இருந்தா கட்டணம் கிடையாது. ஜாப் கார்டும் எஸ்டிமேட்டும் பில்லும் கையில இருந்தாத்தான் அங்க பேச முடியும்.

ஒண்ணு மட்டும் தப்பாப் புரிஞ்சுக்காதீங்க. செலவு பண்ணாம தப்பிக்கிறதுக்கு இதெல்லாம் சொல்லலை. பெடல் பஞ்சு மாதிரி போனா, வண்டி ஒரு பக்கம் இழுத்தா, டாஷ்போர்டுல சிவப்பு பிரேக் விளக்கு அணையாம எரிஞ்சா (ஹேண்ட் பிரேக் போட்டிருக்கீங்களான்னு முதல்ல பாத்துட்டு!), பேரமே பேசாதீங்க. எண் கேக்குறது ரெண்டு பக்கமும் வெட்டுற கத்தி. "இப்ப வேண்டாம்"னு சொல்லவும் செய்யும், "உடனே மாத்து"ன்னு சொல்லவும் செய்யும். ரெண்டையும் ஒத்துக்கணும்.

கார் இல்லாத நம்ம கிளாஸ் மக்களுக்கு: உங்க ஸ்கூட்டர்லயும் இதே கதைதான். டிரம் பிரேக் இருக்குற பல வண்டிகள்ல சக்கரத்துக்கிட்ட பிரேக் கம்பி வந்து மாட்டுற சின்ன லீவர் பக்கத்துல ஒரு அம்புக்குறியும், அதுக்கு எதிர்ல ஒரு கோடும் இருக்கும். பிரேக்கை முழுசாப் பிடிச்சா அந்த அம்பு கோட்டைத் தொடுதுன்னா ஷூ முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். ஸ்பானர் வேண்டாம், மெக்கானிக் வேண்டாம், ஒரு பைசா செலவில்லை. சாயங்காலம் காலேஜ் விட்டதும் ஸ்டாண்டுல குனிஞ்சு பாருங்க. பின்னாடி யாரையாவது உக்கார வச்சுக்கிட்டுப் போறவங்க கட்டாயம் பாருங்க.